பழைய இல்லங்களும் காரீய வர்ணமும்

மக்களை வெயிலினின்றும் மழையினின்றும் காப்பதற்கு அமைந்தது இல்லம். அவ்வில்லத்தின் மரத்தை ஈரமும் இரும்பைத் துருவும் பற்றாவண்ணம் காப்பதற்கு அமைந்தது வர்ணப்பூச்சு. இங்ஙனம் காப்புக்குக் காப்பாய் நின்ற பொருளே, அவ்வில்லத்தில் தவழ்ந்து விளையாடும் குழந்தையின் உடலையும் அறிவையும் கெடுக்கும் நஞ்சாதலும் கூடும். வர்ணத்தில் மறைந்து நிற்கும் அந்நஞ்சு காரீயம். அதன் இயல்பையும், அஃது அறியப்பட்ட வரலாற்றையும், பழைய இல்லங்களில் அதனை அடக்கும் முறையையும் இக்கட்டுரைக்கண் ஒருவாறு விளக்க முயல்வாம். இம்மூன்றனுள் இறுதியிற் கூறப்படுவதே நம் அன்றாட வாழ்க்கைக்கு மிகவும் வேண்டற்பாலது. ஏனெனில், பழைய வர்ணம் கதவிலும் சன்னலிலும் சிதையாது கிடக்குங்கால் விளைக்கும் தீங்கினும், அதனை முறையறியாது சுரண்டுங்கால் விளையும் தீங்கே பெரிது.

காரீயமும் வர்ணமும்

ஈயம் என்னும் சொல் தமிழில் இருவேறு உலோகங்கட்கும் பொதுவாக வழங்குதலின், முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. இரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரங்கட்கு உள்ளே பூசும் ஈயமும் வெள்ளீயம் எனப்படும். ஈண்டு நாம் கூறப்புகுந்தது காரீயம். மீன்வலையிற் கோக்கும் குண்டும், துப்பாக்கி ரவையும், மோட்டார் வண்டிகளின் பாட்டரித் தகடும் ஆகிய கனத்த உலோகம் அதுவே.

இக்கரிய உலோகத்தினின்று வெண்மையான வர்ணப்பொடி செய்யும் முறையைப் பண்டையோரே அறிந்திருந்தனர். பிற்காலத்தில் ஒல்லாந்தர் முறை எனப் பெயர் பெற்றது வருமாறு: காரீயத் தகடுகளைச் சுருட்டி, அடியிற் காடி ஊற்றிய மட்கலங்களில் வைத்து, அக்கலங்களைக் குதிரைச் சாணக் குவியலிற் புதைத்துச் சில திங்கள் விட்டுவைப்பர். காடியின் ஆவியும், சாணம் புளித்தலால் எழும் வெப்பமும் கரியமிலவாயுவும் ஒன்றுகூடிக் காரீயத்தை வெண்ணிறப் பொருளாக மாற்றும். இதனைக் காரீய வெள்ளை என்போம். இதனை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துப் பூசினால், அடியிலுள்ள நிறத்தை முற்றும் மறைக்கும், எண்ணெயோடு கலந்து உறுதியான படலமாகும், எளிதில் வெடியாது, மழைக்கும் பல்லாண்டு தாங்கும். இக்குணங்கள் பற்றியே இதனைச் செல்வர் மாளிகைகளுக்கும் பெரிய பொதுக் கட்டடங்களுக்கும் விரும்பிப் பூசினர்.

வெள்ளை வர்ணம் ஒன்றே ஐயுறத்தக்கது என்று கருதலாகாது. இரும்பு துருப்பிடியாமற் பூசிய காரீயச் செந்தூரம், ஒளிமிக்க மஞ்சளும் செம்மஞ்சளும் தரும் காரீயக் குரோமேட்டு, அம்மஞ்சளோடு நீலம் கலந்து செய்த பச்சை ஆகியவற்றிலும் காரீயம் உண்டு. எனாமல் வர்ணம் விரைவில் உலர்தற்பொருட்டும் காரீயப் பொருள்களைச் சிறிதளவு சேர்ப்பது வழக்கமாயிருந்தது. ஆனால் நம் நாட்டிற் சுவர்கட்கு அடிக்கும் சுண்ணாம்பில் இந்நஞ்சு இல்லை. ஆகவே நம் பழைய வீடுகளில் ஐயுறத்தக்கவை வெள்ளையடித்த சுவர்கள் அல்ல. எனாமல் பூசிய கதவு, நிலை, சன்னற் சட்டம், கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, பீரோ, தொட்டில் ஆகியனவே.

அறிந்தும் ஆற்றாத வரலாறு

காரீயத்தின் தீமை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டினரான நிக்காந்தர் என்னும் கிரேக்கர் காரீய வெள்ளையை நஞ்சுகளுள் ஒன்றாக வைத்து எழுதினார். உரோம நாட்டுச் சிற்ப நூலாசிரியராகிய விட்ருவியஸ், காரீயத் தொழிலாளரின் வெளிறிய மேனியைச் சான்றாகக் காட்டி, குடிநீருக்குக் காரீயக் குழாயினும் மண்குழாயே நன்று என்றார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், அச்சுத்தொழிலிலும் பிறதொழில்களிலும் தாம் கண்ட காரீய நோய்களைக் குறித்து 1786இல் நண்பர் ஒருவர்க்கு ஒரு கடிதம் எழுதினார். பயனுள்ள உண்மையொன்று அறியப்பட்ட பின்னும், அதனை உலகோர் ஏற்று ஒழுகுதற்கு எத்துணைக் காலம் கழிகின்றது என்று அதில் அவர் இரங்கிக் கூறினார். அவர் இரக்கம் பின் நிகழ்ந்தவற்றிற்கும் முற்றும் பொருந்துவதாயிற்று.

குழந்தைகட்கு வர்ணத்தினால் வரும் கேட்டை முதன்முதல் தெளியக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து மருத்துவர்கள். வெப்பம் மிகுந்த அந்நகரில், கால்களின்மேல் உயர்த்திக் கட்டிய மரவீடுகளும், அவற்றைச் சூழ்ந்த தாழ்வாரங்களும், வர்ணம் பூசிய மர அழிகளும் மிகுதி. வயிற்றுவலியும், கைகால் தளர்ச்சியும், பார்வை மங்கலும் உற்ற சிறுவர்கள் மருத்துவமனைக்கு வந்தனர். இது காரீய நோயே என்பதை டர்னர், கிப்ஸன் முதலிய மருத்துவர்கள் 1892இல் எடுத்துரைத்தனர். காரீய நோய் தொழிற்சாலையில் உழைப்போர்க்கே உரியது என்று கருதிய அக்காலத்தில், வீட்டிலிருக்கும் குழந்தைக்கு அஃது எங்ஙனம் வந்தது என்பது விளங்கவில்லை. கண் மருத்துவராகிய லாக்ஹார்ட் கிப்ஸன் 1904இல் விடை கண்டார். வெயிலிற் காய்ந்த வர்ணம் மாவாகி, அழிகளைப் பிடித்து விளையாடும் சிறு கைகளில் ஒட்டுகின்றது. நகம் கடித்தலாலும் விரல் சூப்புதலாலும் அஃது உடலிற் புகுகின்றது என்பதே அவ்விடை. குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களிற் காரீய வர்ணம் பூசுவதைக் குவின்ஸ்லாந்து அரசாங்கம் 1922இற் சட்டத்தால் தடுத்தது.

இச்செய்தி பிற நாடுகட்கு எட்டாமல் இல்லை. பிரான்சு நாடு 1909இலேயே வர்ணத்தொழிலிற் காரீய வெள்ளையை விலக்கச் சட்டம் செய்தது. 1921இல் ஜினீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தே அதனைப் பூசலாகாது என உடன்படிக்கை வகுத்தது. அமெரிக்காவில் தன் தொட்டிலின் வர்ணத்தைக் கடித்துத் தின்ற பால்டிமோர் நகரத்துச் சிறுவன் ஒருவன் காரீய நஞ்சால் மாண்ட செய்தியை மருத்துவர்கள் 1914இல் வெளியிட்டனர். எனினும் அந்நாட்டில் வாணிகம் தளரவில்லை. காரீய வர்ண நிறுவனம் ஒன்று சிறுவர்க்கென்றே படப் புத்தகங்கள் அச்சிட்டு வழங்கித் தன் சரக்கைப் பரப்பியது. வீட்டின் உட்புறத்திற் காரீய வர்ணம் பூசுவதைப் பால்டிமோர் நகரம் 1951இல் தடுத்தது. வீட்டு வர்ணத்தில் நாடு முழுமைக்கும் தடை வந்தது 1978இல். கிப்ஸனின் கட்டுரைக்கும் இத்தடைக்கும் இடையே கழிந்தவை 74 ஆண்டுகள். அவ்விடைக்காலத்திற் கட்டிய இலட்சக்கணக்கான வீடுகளில் அவ்வர்ணம் இன்றும் அடிப்பூச்சாக நிற்கின்றது.

குழந்தையின் உடலில் நிகழ்வது

காரீயம் உடலினுட் சென்றால் சுண்ணச்சத்தைப் போல நடிக்கின்றது. உடல் அதனைச் சுண்ணச்சத்து என்றே கருதி எலும்பில் இடங்கொடுத்து வைக்கின்றது. அங்கே அது பல பத்தாண்டுகள் தங்கும். பெண்மகவாகப் பிறந்து காரீயத்தை ஏற்றவள் வளர்ந்து தாயாகுங்கால், எலும்பிலிருந்து அது மீண்டும் குருதியிற் கலந்து கருவிலுள்ள சிசுவையும் சென்றடைதல் கூடும். விழுங்கிய காரீயத்தில் முதியோர் உடல் ஏற்பது ஏறக்குறையப் பத்திலொரு பங்கே. சிறு குழந்தைகளின் உடலோ பாதியளவும் ஏற்கவல்லது. இரும்புச்சத்தும் சுண்ணச்சத்தும் குறைந்த குழந்தை இன்னும் மிகுதியாக ஏற்கும். ஆதலின் வறுமையும் இந்நஞ்சும் ஒன்றற்கொன்று துணையாகின்றன.

மிகுந்த அளவிற் புகுந்தால் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, வலிப்பு, உணர்விழத்தல், மரணமும் நேரும். குறைந்த அளவிற் புகுந்தாலோ வெளிப்படையாக ஒன்றும் தோன்றாது. ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துப் பள்ளிச் சிறுவர்கள் உதிர்த்த பாற்பற்களைத் திரட்டி, அவற்றிலுள்ள காரீயத்தை அளந்து, தம் முடிபுகளை 1979இல் வெளியிட்டார். நோயாளர் என எவரும் கருதாத அச்சிறுவர்களுள், பல்லிற் காரீயம் மிகுந்தவர் அறிவுத் தேர்வில் தாழ்ந்தனர். வகுப்பிற் கவனமின்றி இருத்தலையும் ஆசிரியர்களே குறித்திருந்தனர். சென்னை நகரில் 3 முதல் 7 வயதுவரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றும், குருதியிற் காரீயம் ஏற ஏறக் கவனக்குறைவும் ஏறுதலைக் காட்டியது. அக்குழந்தைகட்குக் காரீயம் வர்ணத்தால் மட்டும் வந்தது எனல் இயலாது. காரீயம் கலந்த பெட்ரோலை நம் நாடு 2000ஆம் ஆண்டிலேயே முற்றும் விலக்கியது. எவ்வழி வரினும் விளைவு ஒன்றே.

குருதியில் இத்துணைக் காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று வரையறுத்தற்குரிய அளவு யாதும் இல்லை என்பதே இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு. அமெரிக்காவில் கவலைக்குரியதாகக் கொண்ட அளவு ஒரு டெசிலிட்டர் இரத்தத்திற்கு 1960ஐ ஒட்டி 60 மைக்ரோகிராமாக இருந்தது, 1991இல் 10 ஆயிற்று, 2021இல் 3.5 ஆயிற்று. மிக முற்றிய நிலையிற் காரீயத்தை உடலினின்று பிரிக்கும் மருந்துகள் உண்டு. அவை உயிரைக் காக்கும். ஆனால் இழந்த அறிவுத்திறனை மீட்டுத்தாரா. ஆகையால் வருமுன் காத்தலன்றி வேறு வழியில்லை.

நம் நாட்டில் பழைய வீடு எது?

அமெரிக்காவிற் பழைய வீடு என்றால் 1978க்கு முற்பட்டது என்பர். நம் நாட்டில் அங்ஙனம் கருதி அமைதியடைதற்கு இல்லை. வீட்டு வர்ணங்களிற் பத்து இலட்சத்திற்கு 90 பங்குக்கு மேற் காரீயம் இருத்தலாகாது என்னும் விதியை இந்திய அரசாங்கம் 2016இல் வெளியிட்டது. 2017 நவம்பர் 1ஆம் நாள்முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விற்ற எனாமல் வர்ணங்களுட் பலவற்றில் இவ்வளவினும் பன்மடங்கு காரீயம் இருந்தமை ஆய்வுகளால் வெளியாயிற்று. எனவே நூறாண்டு கண்ட கல்லூரி விடுதியின் கதவும், 2010இல் வர்ணம் பூசிய சிறு வீட்டின் சன்னற் கம்பியும் இவ்வகையில் ஒருநிலையவே.

தூசியே பகைவன்

சிதையாது, உரியாது, மேலே நல்ல பூச்சுடன் நிற்கும் பழைய வர்ணத்தால் உடனடித் தீங்கு சிறிது. அஃது உரிந்து உதிரும்போதும், உராய்ந்து பொடியாகும்போதும்தான் நஞ்சு வெளிப்படுகின்றது. சன்னலைத் திறந்து மூடுந்தோறும் சட்டமும் நிலையும் உராய்ந்து, கண்ணுக்குப் புலனாகாத தூசி அடிக்கட்டையிற் படிகின்றது. தவழும் குழந்தையின் கையில் ஒட்டுவது அத்தூசியே. வெளிச்சுவரை ஒட்டிய மண்ணிலும் பழைய வர்ணம் உதிர்ந்து கலந்திருக்கும்.

இந்நிலையில், பொங்கலுக்கோ கிறிஸ்துமஸ் பண்டிகைக்கோ திருமணத்திற்கோ வீட்டைப் புதுப்பிக்க முனைவோர் செய்வது யாது? உலர்ந்த கதவை உப்புத்தாள் கொண்டு தேய்க்கின்றனர். இயந்திரத் தேய்ப்பானும் வைக்கின்றனர். சிலர் தீச்சுடரால் வர்ணத்தைக் கருக்கி உரிக்கின்றனர். தேய்த்தலால் நுண்தூசி வீடெங்கும் பரவுகின்றது. சுடுதலாற் காரீயம் புகையாகி மூச்சின்வழி நேரே புகுகின்றது. பல்லாண்டு அடங்கிக் கிடந்த நஞ்சு ஒரே நாளில் எழுந்து உலவத் தொடங்குகின்றது. அதனை முதலில் உண்பவர் வர்ணம் பூசும் தொழிலாளர். அவர் உடுத்த உடையோடு அது சென்று அவர்தம் குழந்தைகளையும் அடைகின்றது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

முதலாவது, ஐயமுள்ள வர்ணத்தைச் சோதித்தல். நிறம் மாறுதலாற் காரீயத்தைக் காட்டும் இரசாயனக் குச்சிகள் உள. எனினும் பூச்சின்மேற் பூச்சாக நிற்பதால் அடிவரை கீறிச் சோதித்தல் வேண்டும். சோதனைச்சாலையிற் பகுத்தறிதலும், எக்ஸ் கதிர்க் கருவியால் அளத்தலும் இதனினும் உறுதியானவை. சோதிக்க வசதியில்லையாயின், பழைய எனாமல் எல்லாவற்றிலும் காரீயம் உண்டு என்றே கொண்டு நடத்தல் அறிவுடைமை.

இரண்டாவது, நாள்தோறும் செய்யத்தக்கவை. சன்னற் கட்டையையும் தரையையும் உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்காமல் ஈரத்துணியாற் துடைத்து, அத்துணியை நன்கு அலசுக. குழந்தையின் கையை உணவுக்கும் உறக்கத்திற்கும் முன் சோப்பிட்டுக் கழுவுக. விளையாட்டுப் பொருள்களையும் கழுவுக. தொட்டிலையும் படுக்கையையும் வர்ணம் உதிரும் சன்னலருகே இடற்க. செருப்பை வாயிலில் விடும் நம் முன்னோர் வழக்கம் தெருமண்ணிலுள்ள காரீயத்தையும் வாயிலில் நிறுத்துவதாகும்; அதனைக் கைவிடாதிருத்தல் நலம். கீரை, பயறு, பால், கேழ்வரகு முதலியவற்றால் இரும்பும் சுண்ணமும் குறையாமற் குழந்தைகளை வளர்த்தல் மற்றொரு காப்பு.

மூன்றாவது, புதுப்பிக்குங்காற் செய்யத்தக்கவை. கருவுற்ற மகளிரும் குழந்தைகளும் வேலை முடிந்து தூய்மை செய்யும்வரை அவ்வீட்டில் இருத்தலாகாது. அறையிலுள்ள பொருள்களை வெளியேற்றித் தரையிற் பிளாஸ்டிக் விரிப்பு இட்டு, பிற அறைகளின் வாயில்களை மூடுக. வர்ணத்தை நீர் தெளித்து நனைத்த பின்னரே சுரண்டுக. தீயும் உலர் தேய்ப்பும் அறவே வேண்டா. வேலை செய்வோர் நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிதல் வேண்டும். மூக்கிற் கட்டும் கைக்குட்டை பயன்படாது. உண்பதற்கு முன் அவர் கைகழுவவும், வீடு செல்லுமுன் உடைமாற்றவும் இடம் தருதல் வேலை கொடுப்போர் கடன். அவ்வுடைகளைப் பிற துணிகளோடு சேர்த்துத் துவைத்தலாகாது.

நான்காவது, சுரண்டாமலே தீர்க்கும் வழிகள். உரியாத இடங்களில் மேலே நல்ல வர்ணம் பூசி மூடுதலும், பலகை அடித்து மறைத்தலும் போதியவை. உராயும் சன்னற் சட்டங்களை மாற்றிவிடுதல் நன்று. அங்ஙனம் கழற்றிய பழங்கதவுகளையும் சட்டங்களையும் வெந்நீர் அடுப்பில் விறகாக எரிப்பது நம்மிடையே உள்ள வழக்கம். இஃது ஒருபோதும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் காரீயம் நிற்கும். அச்சாம்பலாற் பாத்திரம் விளக்கினால் நஞ்சு உண்கலத்திற்கே வந்துவிடும். சுரண்டிய செதில்களையும் தோட்டத்திற் கொட்டாமல் உறுதியான பையிற் கட்டி அப்புறப்படுத்துக.

ஐந்தாவது, புது வர்ணம் வாங்குங்கால், காரீயம் விதித்த அளவுக்கு உட்பட்டது எனக் கலத்தின்மேற் பொறித்திருத்தலை நோக்கி வாங்குக. பழைய வீட்டிற் புதுப்பிக்கும் வேலை நடந்த பின் குழந்தைக்குக் காரணமறியாத வயிற்றுவலியோ சோர்வோ சிடுசிடுப்போ தோன்றினால், மருத்துவரிடம் வர்ணச் செய்தியைக் கூறி இரத்தச் சோதனை செய்வித்தல் வேண்டும்.

முடிவுரை

லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரத்தில், சுவரில் தோஷம் தோன்றிய வீட்டைக் குறித்த பிரமாணம் ஒன்று உண்டு. அது காரீயத்தைப் பற்றியதன்று. எனினும் அதிற் கூறிய ஒழுங்கு நோக்கத்தக்கது. முதலில் வீட்டை ஒழித்துவைக்க வேண்டும். பின்னரே ஆசாரியன் பார்வையிட வேண்டும். பழுதுற்ற இடத்தைச் செதுக்கிய மண்ணைப் பட்டணத்திற்குப் புறம்பே கொட்ட வேண்டும். அதன்பின் புதிதாகப் பூச வேண்டும். குடியிருப்போரை அகற்றல், ஆராய்தல், கழிவைப் புறத்தே சேர்த்தல், பின்னர்ப் பூசுதல் என்னும் இம்முறையை விட்டு, அழகு கருதிச் சுரண்டலில் தொடங்குதலே இன்று நாம் செய்யும் பிழை.

இவ்விதழைப் படிப்போருள் வீடு கட்டுவோரும், வாடகைக்கு விடுவோரும், பள்ளிகளையும் விடுதிகளையும் நிருவகிப்போரும், மருத்துவம் பயில்வோரும் பலர். ஒரு பள்ளியின் சன்னல்களைப் புதுப்பிக்கும் கட்டளை உங்கள் கையொப்பத்தால் செல்லுதல் கூடும். அக்கட்டளையில் "நீர் தெளித்துச் சுரண்டுக, விடுமுறையிற் செய்க, தொழிலாளர்க்கு முகமூடி தருக" என்னும் மூன்று தொடர்களைச் சேர்த்தால் செலவு சிறிது கூடும். அச்சிறு செலவு, அவ்வறையில் அமர்ந்து எழுத்துக் கற்க இருக்கும் குழந்தைகளின் அறிவுக்குக் காப்பாகும். பிராங்க்ளின் இரங்கிக் கூறிய காலத் தாழ்வை நம்மளவிலேனும் நீட்டாமற் செய்வது நம் கையில் உள்ளது.